“பூ இன்னும் வரலியே!” - ஒரு பூக்கடை போன் மேசையிலிருந்து...

கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் கால் மணி நேரம் தாமதமாக வந்தால் பொறுத்துக்கொள்வார்கள். சாம்பாரில் உப்பு கொஞ்சம் குறைந்தால்கூட முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிடுவார்கள். ஆனால், மாலை வந்து சேரவில்லை என்றால் அந்த வீட்டில் ஒருவருக்கும் நிதானம் இருக்காது. பெண்ணின் அப்பா, தாய்மாமா, மண்டப மேனேஜர் என்று ஆளுக்கொரு போனை எடுத்துவிடுவார்கள். அத்தனை போனும் வந்து விழுகிற இடம் என் மேசை.

மதுரையில் ஒரு பூக்கடையில் எட்டு வருடங்களாக டெலிவரியைப் பார்த்துக்கொள்கிறேன். கடை என் சித்தப்பா மகனுடையது. வீட்டில் எனக்குத் தம்பி, கடையில் முதலாளி. பூ வாங்குவது, விலை பேசுவது, கட்டுகிற ஆட்களைப் பார்ப்பதெல்லாம் அவன் வேலை. கட்டி முடித்த பூவை யார் கையில் கொடுத்து, எந்த வழியில், எத்தனை மணிக்கு அனுப்புவது என்பது என் வேலை. பைக்கில் போகிற மூன்று தம்பிகள், ‘குட்டியானை’ ஓட்டுகிற ஓர் அண்ணன், முகூர்த்த நாளில் மட்டும் கைகொடுக்க வருகிற இன்னொருவர்... இதுதான் என் படை.

“டெலிவரிதானே... அதுல என்ன இருக்கு?” என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். பீட்சா ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம். புடவை ஒருநாள் தள்ளி வந்தால் மறுநாள் கட்டிக்கொள்ளலாம். பூ அப்படிக் காத்திருக்காது.

மொட்டுக்குள் ஒரு கடிகாரம்

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்த மல்லியை எப்போது பறிக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. வெயில் ஏறுவதற்கு முன்னால், மொட்டாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மூட்டை மூட்டையாக வருவதெல்லாம் மொட்டுதான். அது சாயங்காலத்துக்கு மேல்தான் மெல்ல வாய் திறக்கும். இரவெல்லாம் மணக்கும். மறுநாள் வெயில் ஏற ஏறப் பழுப்படித்துவிடும்.

ஆக, பறித்த நிமிடத்திலிருந்தே மொட்டுக்குள் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. மார்க்கெட்டில் பேரம் பேசுகிற நேரம், உதிரிப்பூவைச் சரமாகத் தொடுக்கிற நேரம், மாலை கட்டுகிற நேரம் எல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் டெலிவரிக்காரருக்கு. எல்லோரும் தின்று மீந்த நேரத்தில்தான் அவர் வண்டியைக் கிளப்ப வேண்டும்.

கிளப்பினாலும் கண்டபடி ஓட்ட முடியாது. முகூர்த்த மாலையை மடித்து வைக்கக் கூடாது. வாழை இலை விரித்த கூடையில் வளைத்துப் படுக்க வைத்து, மேலே ஈரத்துணி போட வேண்டும். துணியில் தண்ணீர் சொட்டினால் பூ அழுகும், காய்ந்தால் வாடும். வேகத்தடையில் ஒருமுறை தூக்கிப் போட்டால் போதும், ரோஜா இதழ்கள் கூடைக்குள்ளேயே உதிர்ந்து கிடக்கும். சம்பங்கி நசுங்கினால் அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஆக, பூவுக்கு அவசரம். ஆனால், பூவை வைத்துக்கொண்டு அவசரப்படவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு.

எங்கள் காலண்டர் வேறு

மற்றவர்கள் காலண்டரில் லீவு நாளைத் தேடுவார்கள். நான் முகூர்த்த நாளைத் தேடுவேன். தை, வைகாசி, ஆவணி என்றால் வண்டிகள் நிற்காது. ஆடியில் கல்யாணம் இருக்காது. ஆனால், வெள்ளிக்கிழமை தோறும் அம்மன் கோயில்களுக்குப் பூ போகும். மார்கழிப் பனியில் மல்லி வரத்து குறைந்து, சில நூறு ரூபாய்க்கு விற்ற ஒரு கிலோ சில ஆயிரங்களைத் தொடும். அப்போது பையன்கள் கையில் இருப்பது பூக்கூடை இல்லை. கிட்டத்தட்ட நகைப் பெட்டி.

சித்திரைத் திருவிழா வந்தால் என் மேசைக்கு மேலே மதுரை வரைபடத்தை ஒட்டிவிடுவேன். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிற பெண்களுக்கெல்லாம் பூ வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் வைகையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு முழம் பூ போவது பெரும்பாடு. எந்தத் தெருவை எத்தனை மணிக்கு அடைப்பார்கள் என்பதை மேப்பைவிட எங்கள் குட்டியானை அண்ணன் சரியாகச் சொல்வார். “மாசி வீதி பக்கம் பத்து மணிக்கு மேல ஆர்டர் எடுக்காதம்மா” என்றால் எடுக்க மாட்டேன்.

பிப்ரவரி 14 தனிக்கதை. அன்று ஓசூர் ரோஜாதான் ராஜா. லேடீஸ் ஹாஸ்டல் வாசலில் வாட்ச்மேன் பொக்கேயையும் பார்ப்பார், கொண்டுபோன பையனையும் மேலும் கீழும் பார்ப்பார். “அக்கா, நான் கொடுக்கலை, கடையிலேர்ந்து அனுப்புனதுன்னு நீங்களே போன்ல சொல்லுங்கக்கா” என்று எங்கள் சின்னத் தம்பி ஒருமுறை கெஞ்சினான். ஸ்பீக்கரில் போடச் சொல்லி வாட்ச்மேனிடம் நானே பேசிய பிறகுதான் பூ உள்ளே போனது.

வாசலில் என்ன பேசுவது?

புதிதாக ஒரு பையன் வேலைக்கு வந்தால் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், ஹெல்மெட் மூன்றையும் பார்ப்பேன். அதற்குப் பிறகு வழி சொல்லித் தர மாட்டேன். அதை அவனே கற்றுக்கொள்வான். வாசலில் எப்படி நிற்பது, என்ன பேசுவது என்பதைத்தான் சொல்லித் தருவேன்.

கல்யாண வீட்டில் மாலையைக் கொடுத்ததும் எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மாலை, பூ ஜடை, தலைக்கு வைக்கிற சரம், தட்டுக்கு உதிரிப்பூ எல்லாம் பட்டியல்படி இருக்கிறதா என்று ஒரு பொறுப்பான ஆள் பார்த்தாக வேண்டும். கூட்டத்தில் யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வரக் கூடாது.

துக்க வீட்டில் எல்லாமே தலைகீழ். அங்கே எண்ணச் சொல்லக் கூடாது. பணம் கேட்கக் கூடாது. அது பிறகு நாங்கள் வாங்கிக்கொள்வோம். கையெழுத்து கேட்கக் கூடாது. கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. பேசாமல் திரும்பிவிட வேண்டும். துக்க வீட்டு மாலையையும் கல்யாண மாலையையும் ஒரே நடையில் ஏற்றுவதில்லை. இது நானோ முதலாளியோ போட்ட சட்டமில்லை. வண்டி ஓட்டுகிறவர்களே பேசி வைத்துக்கொண்டது.

ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மதுரையில் அவருடைய அம்மா இறந்துவிட்டார். “என்னால வந்து சேர முடியலைங்க. அம்மாவுக்கு மரிக்கொழுந்துன்னா உசுரு. அதை வச்சு ஒரு மாலை கட்டி அனுப்புங்க” என்றார். குட்டியானை அண்ணன் கொண்டுபோனார். வீட்டில் வயதானவர்கள்தான் இருந்திருக்கிறார்கள். வீடியோ கால் போட்டுத் தரக்கூட ஆளில்லை. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தன் போனில் அந்த மகனைக் கூப்பிட்டு, மாலையை வைக்கும்போது அம்மாவின் முகம் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் பேசி அழுது முடிக்கிற வரைக்கும் கையை இறக்கவில்லை.

அன்றைக்கு அண்ணனின் அடுத்த டெலிவரி அரை மணி நேரம் தாமதம்.

அந்த நோட்டு

நான்கு வருடங்களுக்கு முன்னால் தம்பி ஒரு யோசனையோடு வந்தான். “அக்கா, லேட்டா கொண்டுபோறவங்களுக்கு ஒரு தடவைக்கு அம்பது ரூபா பிடிச்சுருவோம். எல்லா இடத்துலயும் அப்பிடித்தான் பண்றாங்க. அப்பத்தான் பயம் இருக்கும்.”

அவனைக் குறை சொல்ல மாட்டேன். பூ லேட்டானால் வாடிக்கையாளர் திட்டுவது கடையின் பெயரைச் சொல்லித்தான். ஒரு கல்யாண ஆர்டர் கைவிட்டுப் போனால், அந்தச் சொந்தத்தில் அடுத்தடுத்து வருகிற நாலு கல்யாணமும் போய்விடும்.

“ரெண்டு மாசம் பொறு. அதுக்கப்புறம் பிடிக்கலாமா வேண்டாமான்னு பேசுவோம்” என்றேன். அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு தாமதத்துக்கும் நான்கு விஷயங்கள் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். ஆர்டர் கேட்ட நேரம், பூ தயாரான நேரம், வண்டி கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம். பக்கத்தில் ஒரு வரி, காரணம்.

இரண்டு மாதம் கழித்து நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு நானும் தம்பியும் உட்கார்ந்தோம். பாதிக்கு மேல் தாமதங்கள் கடைக்குள்ளேயே பிறந்தவை. மாலை கட்டி முடியவில்லை, நார் தீர்ந்துவிட்டது, கேட்ட கலரில் ரோஜா வரவில்லை, பில் போட ஆளில்லை. அதற்கு அடுத்தது வாடிக்கையாளர் வீட்டு வாசலில் பிறந்தவை. போனை எடுக்கவில்லை, அபார்ட்மென்ட் பிளாக் நம்பர் தப்பு, செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. அப்புறம் ரயில்வே கேட், சாமி ஊர்வலம், பஞ்சர். ஓட்டுகிறவர் சோம்பலால் வந்த தாமதம் என்று சொல்லக்கூடியவை ஒரு கை விரலில் அடங்கிவிட்டன.

மரிக்கொழுந்து மாலை போன நாளும் அந்த நோட்டில்தான் இருந்தது. அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, “இதுக்கும் அம்பது ரூபா பிடிக்கலாமா தம்பி?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. நோட்டை மூடி என்னிடமே கொடுத்துவிட்டு, நார்க்கட்டு எத்தனை இருக்கிறது என்று எண்ணப் போய்விட்டான்.

அன்றிலிருந்து பணம் பிடிக்கிற பேச்சு இல்லை. அதற்குப் பதிலாகச் சில பழக்கங்கள் வந்தன. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினோம். அதில் டெலிவரி நேரத்தை எழுதுவதில்லை. பூ தயாராக வேண்டிய நேரத்தை எழுதுகிறோம். வழியில் ஆகிற நேரத்துக்கு மேல் அரை மணி சேர்த்துத்தான் கணக்கு. மழைக்காலத்தில் ஒரு மணி.

ஆர்டர் எடுக்கும்போதே லொக்கேஷனோடு ஓர் அடையாளமும், வாசலில் போனை எடுக்கப்போகிறவரின் நம்பரும் வாங்கிவிடுகிறோம். கல்யாணப் பெண்ணின் நம்பரை வாங்குவதில்லை. அவர் எப்படி எடுப்பார்?

இரவு வேலை பார்த்தவருக்கு மறுநாள் பகல் வேலை கிடையாது. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று ஓட்டுநர் வேலைக்கு எல்லை போட்டது. அது போக்குவரத்தையே தொழிலாக நடத்துகிறவர்களுக்கான சட்டம், பூக்கடைக்கு எழுதியதில்லை. ஆனால், தூக்கத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா?

முகூர்த்த நாளில் மட்டும் வருபவர், மற்ற நாள்களில் ஒரு செயலிக்காகச் சாப்பாடு கொண்டுபோகிறவர். அவரைப் போன்ற தொழிலாளர்களுக்காக 2023-ல் தமிழக அரசு தனி நலவாரியம் அமைத்தது. அதைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொல்லி, ஆவணங்களைச் சேர்த்துக் கொடுத்தேன். இதுவும் என் வேலைதான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு பழக்கம். வண்டி கிளம்பிய பிறகு, ஓட்டுகிறவரைக் கடையிலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது. வாடிக்கையாளரிடம் பேச வேண்டியது நான். வழியில் ஏதாவது என்றால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவரே கூப்பிடுவார்.

ஐப்பசி அடைமழை

இந்தக் கடைசிப் பழக்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. ஐப்பசி மாதம். மறுநாள் காலை 6 மணிக்கு முகூர்த்தம். திருமங்கலம் போகிற வழியில் மண்டபம். 4.30 மணிக்கு மாலையும் ஜடையும் அங்கே இருக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. பூக் கட்டுகிற அக்காக்களில் பாதிப் பேர்தான் வந்து சேர முடிந்தது. நடுவில் கரன்ட் வேறு போனது. எமர்ஜென்ஸி விளக்கு வெளிச்சத்தில் விரல் ஒடியக் கட்டினார்கள். மூன்றரைக்குக் கிளம்பியிருக்க வேண்டிய குட்டியானை நாலே காலுக்குத்தான் கிளம்பியது.

நான் உடனே பெண்ணின் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். “சார், வண்டி இப்பத்தான் கிளம்புது. மழை. அஞ்சேகாலுக்குள்ள வரும்னு எதிர்பார்க்குறேன். ஜடைதான் உங்களுக்கு முதல்ல வேணும், அதைத் தனியா மேலேயே வச்சிருக்கோம்” என்றேன். அவர் சத்தம் போட்டார். போடத்தானே செய்வார்? கேட்டுக்கொண்டேன்.

அஞ்சேகால் ஆனது. வண்டி போய்ச் சேரவில்லை. சித்தப்பா, தாய்மாமா, மேக்கப் பண்ணுகிற பெண் என்று வரிசையாக போன். தம்பி நிலைகொள்ளாமல் நடந்தான். “அண்ணனுக்கு ஒரு போன் போட்டு, எங்க இருக்காரு, கொஞ்சம் விரட்டிப் போகச் சொல்லுவோம்க்கா” என்று அவன் போனை எடுத்தான்.

“வச்சிரு தம்பி” என்றேன். “இந்த மழைல ஒரு கையில போனும் ஒரு கையில ஸ்டியரிங்குமா அவரு போகணுமா? நாம விரட்டுனா ரோடு அகலமாகப் போகுதா?”

அவன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். எனக்கும் உள்ளே படபடப்புதான். அந்தப் பெண் தலைவாரி உட்கார்ந்திருப்பாள் என்பது எனக்குத் தெரியாதா? என் மகளுக்கும் கல்யாணம் செய்து வைத்தவள்தானே நான்! ஒவ்வொரு போனையும் எடுத்தேன். ஒருவரிடமும் பொய் சொல்லவில்லை. ‘வந்துட்டாரு, தெருமுனையில நிக்குறாரு’ என்று சமாளிக்கவில்லை.

ஐந்து நாற்பதுக்கு வண்டி மண்டப வாசலில் நின்றது. ஜடை தைத்து, பெண்ணை மேடைக்கு அழைத்து வருவதற்கு ஆறரை ஆகிவிட்டது. முகூர்த்தம் ஏழரை வரைக்கும் இருந்ததால் தாலி நல்ல நேரத்திலேயே ஏறியது. ஆனாலும் அவர்களுக்கு மனத்தாங்கல். பாக்கிப் பணத்தில் ஆயிரம் ரூபாயைக் குறைத்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். நியாயம்தான். தம்பி அதைக் கடைக் கணக்கில் நஷ்டம் என்று எழுதினான். வேறு யார் கணக்கிலும் எழுதவில்லை.

அண்ணன் திரும்பி வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். வழக்கமாகப் போகிற வழியில், ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை உண்டு. அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது. இருட்டில் ஆழம் தெரியவில்லை. வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். பிறகு திருப்பிக்கொண்டு ஊரைச் சுற்றிப் போயிருக்கிறார்.

“அந்த நேரம் பார்த்து நீங்க யாராச்சும் போன் பண்ணி, எங்கண்ணே இருக்கீங்கன்னு கேட்டிருந்தா, நான் இறக்கியிருப்பேன்மா” என்றார்.

டீ வாங்கி வரச் சொன்னேன். எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. தம்பி அந்தப் பக்கம் திரும்பி வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நீங்கள் செய்யக்கூடியது

இதைப் படிக்கிற உங்களில் பலர் இந்த மாதமே ஏதாவது ஒரு விசேஷத்துக்குப் பூ சொல்லியிருப்பீர்கள். ஓர் அக்காவாகச் சில வார்த்தைகள். ஆர்டர் கொடுக்கும்போது, பூ எப்போது தேவையோ அந்த நேரத்தை அப்படியே சொல்லுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டு மணி நேரம் முன்னால் சொன்னால், நிஜமாகவே அந்த நேரத்துக்கு வேண்டியவர் வீட்டுக்குப் போகிற வண்டி உங்கள் வாசலில் நிற்கும். விசேஷ வேலையில் இல்லாத ஒருவரை, வீட்டிலேயே ஒரு காலேஜ் பையனையோ பெண்ணையோ, பூ வாங்குவதற்கென்று நியமியுங்கள். பூ வர நேரமானால் கடைக்கு போன் பண்ணுங்கள். வண்டியில் இருப்பவருக்குப் பண்ணாதீர்கள். எங்களைத் திட்டுங்கள், பரவாயில்லை. நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்.

பூ வந்து சேர்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். மோர் இருந்தால் இன்னும் நல்லது. கல்யாண வீடு என்றால், “சாப்பிட்டுட்டுப் போப்பா” என்று ஒரு வார்த்தை. பெரும்பாலும் சாப்பிட நேரமிருக்காது. அடுத்த கூடை காத்திருக்கும். ஆனால், அப்படிக் கூப்பிட்ட வீடுகளைப் பையன்கள் மறப்பதே இல்லை. வருடம் கழித்து அதே தெருவுக்கு ஆர்டர் வந்தால், “அந்த வீடாக்கா? நானே போறேன்” என்று முன்னால் வந்து நிற்பார்கள்.

போன மாதம் ஒரு புதுப் பையன் வேலைக்கு வந்தான். இருபத்திரண்டு வயது. லைசென்ஸ் காட்டினான். ஹெல்மெட் கையிலேயே இருந்தது. சம்பளம் பேசி முடித்ததும் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

“லேட்டானா எவ்வளவு பிடிப்பீங்கக்கா?”

“எழுதுவோம். பிடிக்க மாட்டோம்” என்று சொல்லி, அந்த நோட்டை எடுத்துக் காட்டினேன். இப்போது ஓடுவது ஆறாவது நோட்டு.